எர்த்துக் குழி

கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குள் யார் செருப்போடு வந்தாலும் எனக்கு மூக்கு மேல் கோபம் வரும். அருப்புக்கோட்டையில் அண்ணனின் பாத்திரக்கடைக்கு மேல் மாடியில், கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுக்கும் கடையைத் தொடங்கிய அன்றே 'செருப்பை வெளியே விடவும்' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டுவிட்டேன். கொண்டுபோய் மாட்டிக் கொடுத்த வீடுகளிலும் அதே சட்டம்தான். கரிசல் புழுதி உள்ளே இருக்கிற ஃபேனில் புகுந்தால் ஆறே மாதத்தில் பெட்டி சூட்டில் வெந்துவிடும் என்று மிரட்டுவேன். ஜனங்கள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். பெட்டிக்குள் சரஸ்வதி குடியிருக்கிறாள் என்று நினைத்து, காலைக் கழுவிக்கொண்டு ஈரப் பாதத்தோடு வந்து நின்றார்கள். நானும் அதைத் திருத்தவில்லை. எப்படியோ மரியாதையாக வைத்துக்கொண்டால் சரி என்று விட்டுவிட்டேன்.

தொண்ணூற்றெட்டாம் வருடம், ஆடி மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை, மதியம் மூன்று மணிக்கு, அந்தச் சட்டம் ஒரு பெண்பிள்ளையைக் கொன்றுவிடும் என்று எனக்குத் தெரிந்தது.

அப்போது மேசையில் ஒரு வக்கீல் வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்து போட்டிருந்தேன். ரேம் கூட்டச் சொல்லிக் கொடுத்திருந்தார். ரேமோடு விடுகிற ஆளா நான்? போர்டில் இருக்கிற ஜம்பர் என்ற சின்ன மூடியை ஒரு முள் தள்ளி மாட்டினால், நூற்று முப்பத்து மூன்றில் ஓடுகிற பென்டியம் நூற்று அறுபத்தாறில் ஓடும். சூடு ஏறும். அதற்கு ஒரு ஃபேன் கூடுதலாக மாட்டிவிட வேண்டியதுதான். யாரும் கேட்காமலே இதைச் செய்துவிட்டு, "ஓட்டிப் பாருங்க, குதிரை மாதிரி ஓடும்" என்று சொல்வதில் எனக்கு ஒரு கிறுக்கு. எதற்கும் ஒரு குறுக்கு வழி என் கையில் இருக்கும் என்று ஊரில் பேர் வாங்கி வைத்திருந்தேன்.

பால்சாமி படியேறி வந்தான். செங்கமடைக்காரன், வயரிங் வேலை பார்க்கிறவன், என் வயதுதான். திருச்சுழி தாண்டி ஆறு கிலோமீட்டரில் இருக்கிறது அந்த ஊர். வலது உள்ளங்கையில் கட்டுப் போட்டிருந்தான். என்னடா என்று கேட்டதற்கு, ஆஸ்பத்திரிக்கு வந்ததாகச் சொல்லி ஸ்டூலில் உட்கார்ந்தான்.

ஆடிக் காற்றில் அவன் ஊரில் மூன்று போஸ்ட் சாய்ந்து, ஒரு வாரமாகக் கரண்டு இல்லையாம். வெளியூரிலிருந்து கூலிக்கு வந்த ஆட்கள் புதிதாகக் கம்பி இழுத்துக் கட்டுகிறார்களாம். மேலத்தெருவுக்கு நேற்றே கொடுத்துவிட்டார்கள். இன்றைக்குக் காலையில் மேலத்தெருவில் ஒரு வீட்டு ஃபேனைக் கழற்றப் போன இடத்தில்தான் கையைச் சுட்டுக்கொண்டான்.

"சுவிட்ச அமத்திட்டுத்தான்டா கைய வச்சேன். அப்பிடியும் தூக்கி எறிஞ்சிருச்சு. டெஸ்டர வச்சுப் பாத்தா ரெண்டு கம்பியும் மாறிக் கெடக்கு. போஸ்ட்லயே மாத்திக் கட்டிட்டுப் போயிட்டாங்ய. லைட்டு எரியுதுல்ல, எவன் கேக்கப் போறான்?"

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே ஜம்பரைத் தள்ளிக்கொண்டிருந்தேன். கீழத்தெருவுக்கும் அதே ஆட்கள்தான் இன்றைக்குக் கட்டிக்கொடுக்கிறார்கள் என்று அவன் சொன்னான். என் சிரிப்பு நின்றது. கையிலிருந்த இடுக்கி போர்டின் மேல் விழுந்தது. கீழத்தெருவில்தான் ஐயாத்துரை அண்ணாச்சியின் வீடு இருக்கிறது.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் வருவது இரண்டு கம்பி. ஒன்றில் கரண்டு வரும், மற்றது திரும்பிப் போகும். வருகிற கம்பியைத் தொட்டால் ஆள் காலி. திரும்பிப் போகிற கம்பி பெரும்பாலும் சாது. மூன்றாவதாக எர்த்து என்று ஒன்று உண்டு. அது வீட்டுப் பக்கத்தில் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு இறக்கிய இரும்புக் குழாயிலிருந்து வரும். பெட்டியின் தகரத்தில் கொஞ்சம் கரண்டு கசிந்தால் அதை மண்ணுக்குள் இறக்கிவிடுவது அதன் வேலை. ஆனால் மண்ணில் ஈரம் இருந்தால்தான் அது இறங்கும். வாரத்துக்கு ஒரு குடம் தண்ணீராவது அந்தக் குழியில் ஊற்ற வேண்டும்.

வைகாசியில் ஐயாத்துரை வீட்டுக்குக் கம்ப்யூட்டர் மாட்டப் போனபோது அந்தக் குழி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அவருக்கு அறுபது ஏக்கர் மானாவாரி நிலம். ஒரே மகள் சுகப்பிரியா. பத்தாவதில் திருச்சுழி ஸ்கூலிலேயே முதலாவதாக வந்திருந்தாள். பதினொன்றில் கம்ப்யூட்டர் குரூப் எடுக்கப் போகிறாள் என்பதற்காக வாங்கிய பெட்டி. மாட்டிய அன்றே அவளுடைய விரல் பின்பக்கத் திருகாணியில் பட்டு, சுருக்கென்று இழுத்தது. அந்தக் கசிவு எல்லாப் பெட்டியிலும் உள்ளதுதான், ஆளை ஒன்றும் செய்யாது, குழியில் தண்ணீர் ஊற்றுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பத்து நாளில் ஆள் அனுப்பிவிட்டார்கள், ஷாக் அடிக்கிறது என்று. போனேன். குழி காய்ந்துதான் கிடந்தது. அவர்கள் ஊற்றவில்லை. ஐயாத்துரை அண்ணாச்சி கோபப்படாமல் கேட்டார்: "வாரத்துக்கு ரெண்டு வாட்டிதான் டேங்கர் வருது தம்பி. குடிக்கவே காணாது. அத இரும்புக் குழாய்க்கு ஊத்துன்னா, பாக்குறவுக என்ன நெனப்பாக?" அவர் கேட்டதில் தப்பில்லை. அந்த வெயிலில் குடத்தோடு வரிசையில் நிற்கிற பொம்பளைகளுக்கு முன்னால் யாரும் மண்ணில் தண்ணீரைக் கொட்ட மாட்டார்கள். நான்தான் சொல்லி வந்ததோடு விட்டேன்.

மூன்றாவது தடவையும் கூப்பிட்டார்கள். இருபது கிலோமீட்டர் வெயிலில் வந்து சேர்ந்தபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. பிளக் பாயிண்டைத் திறந்தேன். இரண்டு அங்குலத்துக்கு ஒரு துண்டு வயரை வெட்டி, எர்த்து முனையையும் திரும்பிப் போகிற கம்பியின் முனையையும் சேர்த்து முறுக்கிவிட்டேன். பெட்டியின் கசிவு அந்தச் சாதுக் கம்பியிலேயே ஏறிப் போய்விட்டது. ஷாக் நின்றது. ஐந்து நிமிஷ வேலை.

இது கூடாது என்று எனக்குத் தெரியும். மதுரையில் நான் தொழில் பழகிய இடத்தில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்தது இதைத்தான். என்றைக்காவது வெளியே கம்பி மாறினால் சாதுக் கம்பியே கொல்லுகிற கம்பியாகும், பெட்டியின் தகரம் முழுக்க அதுவே ஆகும். யார் மாற்றப் போகிறார்கள் என்று நினைத்தேன். அதற்கு முன்பும் நாலு வீடுகளில் இதைச் செய்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை.

வேலை முடிந்ததும் சுகப்பிரியாவைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். மாட்டேன் என்று சுவரோரம் போய் நின்றாள். நான் முழு உள்ளங்கையையும் வைத்துக் காட்டினேன். அப்படியும் வரவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவளுடைய அப்பா, அம்மா இருவரும் பார்த்துக்கொண்டிருக்க, மணிக்கட்டைப் பிடித்து இழுத்து அவள் கையைப் பெட்டியின் மேல் வைத்து அழுத்தினேன். ஒன்றும் ஆகவில்லை. "சரியான பயந்தாங்கொள்ளி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் கையைத் தாவணியில் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அன்றைக்கு அவளுடைய அம்மா முருகலட்சுமி இன்னொன்றும் கேட்டார். வெள்ளிக்கிழமைதோறும் வீட்டைக் கழுவிவிட்டுப் பீரோவுக்கும் தையல் மிஷினுக்கும் சந்தனம், குங்குமம் வைப்பார்களாம், பெட்டிக்கும் வைக்கலாமா என்று. தாராளமாக வைக்கலாம் என்றேன். "அப்ப நீயே வையி. படிக்கிறவ நீதான" என்று மகளிடம் சொன்னார். சந்தனத்தைத் தண்ணீரில் குழைத்து, கழுவிய சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நின்று, ஈர விரலால் தகரத்தில் வைக்க வேண்டும்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. அதுவும் ஆடி வெள்ளி.

பால்சாமியிடம் சொன்னேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவன் எழுந்துவிட்டான். "அடப்பாவி" என்றான். அவ்வளவுதான் சொன்னான். திட்டியிருந்தால் தேவலை.

எதிரே டெலிபோன் பூத்துக்கு ஓடினோம். செங்கமடையில் இருப்பது ஒரே போன், டீக்கடையில். மூன்று தடவை மணி அடித்து அடித்து நின்றது. நாலாவது தடவை யாரோ எடுத்தார்கள். கீழத்தெருவுக்குக் கரண்டு வந்துவிட்டதா என்று கேட்டேன். இரண்டரைக்கே வந்துவிட்டது, கோயிலில் ரேடியோ போட்டாகிவிட்டது, கேட்கவில்லையா என்றது குரல். பின்னால் ஸ்பீக்கர் சத்தம் அலறியது. ஐயாத்துரை வீட்டுக்கு ஆள் அனுப்புங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். லைன் செத்துப்போனது. அதற்குப் பிறகு எத்தனை தடவை சுழற்றியும் ஒரு சத்தமும் இல்லை.

"ஏலே, நீ கெளம்பு. நான் இங்கனயே நின்னு போன் போட்டுக்கிட்டே இருக்கேன்" என்றான் பால்சாமி. கரண்டு இருந்தால் எரிந்து காட்டுகிற டெஸ்டரையும் இடுப்பிலிருந்து உருவிக் கொடுத்தான்.

பஸ்ஸுக்கு நின்றால் முக்கால் மணி நேரம் போய்விடும். என் டிவிஎஸ் ஐம்பதை உதைத்துக் கிளப்பினேன். மணி மூன்று இருபது. ஸ்கூல் விடுவது நாலே கால். பஸ் பிடித்து அவள் வீட்டுக்கு வர எப்படியும் நாலே முக்கால் ஆகும். அதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம், திருச்சுழி ஸ்கூலிலேயே அவளைப் பிடித்துச் சொல்லிவிட்டால் பாதிப் பயம் போய்விடும் என்று கணக்குப் போட்டேன். முருகலட்சுமி அக்காவும் அண்ணாச்சியும் அந்தப் பெட்டியைத் தொட மாட்டார்கள். அது மகளுடைய சாமான், கை பட்டால் கெட்டுவிடும் என்று அவர்களுக்கு ஒரு எண்ணம். நான் மிரட்டி வைத்ததுதான்.

காற்று வலது பக்கத்திலிருந்து அடித்தது. வண்டி ரோட்டின் இடது ஓரத்துக்கே இழுத்துக்கொண்டு போனது. கண்ணில் மண் விழுந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டே ஓட்டினேன். டிவிஎஸ் ஐம்பதில் எவ்வளவு முறுக்கினாலும் ஒரு வேகத்துக்கு மேல் போகாது. ஊரான் வீட்டுக் கம்ப்யூட்டரையெல்லாம் குதிரையாக்கியவன், சொந்த வண்டியைக் கழுதையாக வைத்திருந்தேன்.

பாதி வழியில்தான் இன்னொன்று உறைத்தது. சுவிட்சை அணைத்துவிட்டுத் தொட்டால் பரவாயில்லையே, பொட்டு வைத்த பிறகுதானே சுவிட்சைப் போடுவாள் என்று ஒரு ஆறுதலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பால்சாமி சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் தொட்டான். அப்போதும் அடித்தது. கம்பி மாறினால் சுவிட்சு தப்பான கம்பியில் நிற்கும். நான் முறுக்கிவிட்ட துண்டு வயர் வழியாகக் கரண்டு சுவிட்சைக் கேட்காமலே பெட்டிக்கு ஏறும். போட்டாலும் சாவு, அணைத்தாலும் சாவு. பிளக்கைச் சுவரிலிருந்து உருவினால் ஒழியப் பெட்டி அடங்காது. சுவிட்சு இருக்கும்போது யார் பிளக்கை உருவுகிறார்கள்? மாட்டிய நாளோடு சரி, அது பாட்டுக்குச் சுவரில் கிடக்கும்.

வண்டியை ஓரமாக நிறுத்தி, கண்ணில் விழுந்த மண்ணைத் துடைத்தேன். மறுபடி உதைத்தேன். ஒரு உதையில் கிளம்பாதா என்று அழுகையும் ஆத்திரமுமாக ஏழெட்டு உதை உதைத்த பிறகுதான் கிளம்பியது.

திருச்சுழி ஸ்கூல் கேட்டில் நான் போய் நின்றபோது மணி நாலுக்குப் பத்து. உள்ளே வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அப்பாடா என்று மூச்சு வந்தது. வாட்ச்மேனிடம் பதினொன்றாம் வகுப்பு, செங்கமடை சுகப்பிரியா, அவசரம் என்றேன். அவர் நிதானமாகப் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார், செங்கமடைப் பிள்ளைகள் எல்லாம் ஊர்க் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள் என்று பர்மிஷன் வாங்கிக்கொண்டு மதியமே போய்விட்டார்கள் என்று.

மதியமே போய்விட்டாள். கரண்டு வந்தது இரண்டரைக்கு. இப்போது மணி நாலு. ஒரு வாரம் கழித்து வந்த கரண்டு. அந்தப் பெட்டிக்காகவே பதினொன்றாவதில் அந்த குரூப்பை எடுத்தவள், கரண்டு வந்து ஒன்றரை மணி நேரம் அதைத் தொடாமலா இருப்பாள்? வாட்ச்மேன் என் முகத்தைப் பார்த்து, தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார். அதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

மிச்சமிருந்த ஆறு கிலோமீட்டரும் இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம்தான். வெறிச்சென்று ஒரு கண்மாய். எதிரே ஆட்டுமந்தை ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தது. ஹாரனை அமுக்கிக்கொண்டே அதற்குள் நுழைந்தேன். ஆட்டுக்காரர் கம்பை ஓங்கித் திட்டியது காதில் விழுந்தது. அந்தப் பிள்ளையின் மணிக்கட்டை நான் பிடித்து இழுத்ததுதான் திரும்பத் திரும்ப என் கண்ணுக்குள் வந்தது. பயந்த பிள்ளையைப் பயம் தெளிய வைத்துவிட்டு வந்தவன் நான். அன்றைக்கு விட்டிருந்தால் அவள் அந்தப் பெட்டியைத் தொடாமல் தள்ளியே நின்றிருப்பாள். சாமி பேரைச் சொல்ல நினைத்தேன். எந்தச் சாமி பேரும் வாயில் வரவில்லை. அவளுடைய அப்பாவிடம் என்ன சொல்வது என்பதுதான் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போது என்னை நினைத்துத்தான் பயம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். போலீஸ், ஊர்ப் பஞ்சாயத்து, கடைக்குப் பூட்டு எல்லாம் வந்து போனது. இதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

ஊர் எல்லையில் கோயில் ஸ்பீக்கர் கேட்டது. அம்மன் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. எனக்குத் தெம்பு வந்துவிட்டது. ஊரில் ஒரு சாவு விழுந்திருந்தால் ரேடியோவை நிறுத்தியிருப்பார்கள். ஓடுகிறதென்றால் ஒன்றும் ஆகவில்லை. இப்படி நான் நினைத்து முடிக்கவும், பாட்டு பாதியில் நின்றது.

கை தானாக பிரேக்கைப் பிடித்தது. காற்றுச் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பத்து நொடி இருக்கலாம். பிறகு ஸ்பீக்கர் கரகரத்தது. ஒரு ஆண் குரல், பிள்ளைகளெல்லாம் பாத்திரத்தோடு வரிசையாக வந்து கூழ் வாங்கிக்கொள்ளுமாறு சொல்லியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டியை மறுபடி முறுக்கினேன்.

கீழத்தெருவில் ஆளே இல்லை. எல்லோரும் கோயிலில். ஐயாத்துரை வீட்டு வாசலில் கோலம் போட்டிருந்தது, கதவு திறந்தே இருந்தது. "சுகப்பிரியா" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. "அக்கா" என்றேன். அதற்கும் இல்லை. செருப்பைக் கழற்றாமல் உள்ளே போனேன்.

வீடு கழுவிவிட்டு ஈரம் காயாமல் இருந்தது. கம்ப்யூட்டர் அறை வாசலில் நின்று பார்த்தேன். பெட்டியின் முகப்பில் சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். சந்தனம் இன்னும் ஈரமாக வழிந்துகொண்டிருந்தது. கீழே தரையில் ஈரக் கால் தடம், சின்னப் பாதம், வாசலிலிருந்து பெட்டி வரை போயிருந்தது. திரும்பி வந்த தடத்தைத் தேடினேன். காணோம். பெட்டி வைத்திருந்த மேசைக்கு அந்தப் பக்கம் ஜன்னலோரம் கொஞ்சம் இடம் உண்டு. அங்கே என்ன கிடக்கிறது என்று எட்டிப் பார்க்க என்னால் முடியவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"யாரு?" என்று பின்னாலிருந்து சத்தம் கேட்டது.

சுகப்பிரியா கொல்லைப்புற வாசலில் நின்றாள். கையில் சந்தனக் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டு வந்திருந்தாள். தலை குளித்த ஈரம் முதுகில் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த அறைக்கு ஜன்னல் பக்கம் கொல்லைக்குப் போக ஒரு சின்னக் கதவு இருந்ததை நான் மறந்தே போயிருந்தேன்.

நான் சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்துவிட்டேன். அவள் என் காலைப் பார்த்தாள். "செருப்போட வந்திருக்கீகளேண்ணே" என்றாள்.

அங்கேயே நில், கிட்டே வராதே என்று சொல்லிவிட்டு எழுந்து, டெஸ்டரைப் பெட்டியின் தகரத்தில் வைத்தேன். எரியவில்லை. மறுபடி வைத்தேன். எரியவில்லை. கம்பி மாறவில்லையோ, இத்தனை பாடும் வீண்தானோ என்று நினைத்தபோதுதான் சுவரைப் பார்த்தேன். பிளக் கழன்று, வயரோடு தரையில் கிடந்தது. சுவிட்சு அணைந்திருந்தது. அதை அணைத்தபடியே விட்டு, பிளக்கை மட்டும் எடுத்துச் சொருகினேன். டெஸ்டரை வைத்தேன். பகல் வெளிச்சத்திலும் பளிச்சென்று சிவப்பாக எரிந்தது. சந்தனப் பொட்டுக்கு ஒரு விரல் தள்ளி அந்த வெளிச்சம் தெரிந்தது.

மெயினை இறக்கிவிட்டு, பாயிண்டைத் திறந்து, நான் முறுக்கிய இரண்டு அங்குல வயரை வெட்டி எடுத்தேன். அதற்குள் ஐயாத்துரை அண்ணாச்சியும் முருகலட்சுமி அக்காவும் கூழ்ப் பானையோடு வந்துவிட்டார்கள். வெட்டிய வயர் என் கையில் இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். நான் எதைச் செய்தேன், ஏன் செய்யக் கூடாது, இன்றைக்கு என்ன ஆகியிருக்கும் எல்லாம் சொன்னேன்.

முருகலட்சுமி அக்கா மகளை இழுத்து அணைத்துக்கொண்டார். அழுகையும் பேச்சுமாகச் சொன்னார்: "இவள நான் தெனம் வையுவேன் தம்பி. பொட்டிகிட்டப் போறதுக்கு முன்னாடி பிளக்கப் பிடுங்கிருவா. தொடைக்கணும்னாலும் பிடுங்குவா, பொட்டு வைக்கணும்னாலும் பிடுங்குவா. ஓட்டையே லூசாப் போச்சு. பயந்தாங்கொள்ளி, பயந்தாங்கொள்ளின்னு நாங்களும் கேலி பண்ணிக்கிட்டுத்தான் கெடந்தோம்."

ஐயாத்துரை அண்ணாச்சி என்னை அடித்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அடுப்படிக்குப் போய், குடிக்க வைத்திருந்த குடம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். எர்த்துக் குழியில் அதைக் கவிழ்த்தார். மண் தண்ணீரை உறிஞ்சுகிற சத்தம் உள்ளே எனக்குக் கேட்டது. இன்னொரு குடத்தையும் எடுத்துப் போய் ஊற்றினார். தெருவில் கூழ்ச் சட்டியோடு போன இரண்டு பொம்பளைகள் நின்று பார்த்தார்கள். அவர் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கீழத்தெருவில் யாரும் எந்த மிஷினையும் தொட வேண்டாம் என்று கோயில் ஸ்பீக்கரில் சொல்ல ஆள் போனது. போஸ்டில் கம்பியைச் சரியாக மாற்றிக் கட்டும்வரை இந்த வீட்டு மெயினை ஏற்றக் கூடாது என்று நானும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கூழ் கொடுத்தார்கள். அந்த நிலையிலும் கொடுத்தார்கள். குடிக்க முடியாமல் குடித்தேன்.

வண்டியைத் திருப்பும்போது சுகப்பிரியா வாசலுக்கு வந்தாள். அவளிடம் கேட்காமல் போக எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்கு நானே அவள் கையைப் பெட்டியில் வைத்துக் காட்டினேனே, ஒன்றும் செய்யவில்லையே, அப்புறமும் ஏன் நம்பவில்லை என்று கேட்டேன்.

"சொன்னாக் கோவிச்சுக்கிட மாட்டீகளே?"

"இல்லம்மா. சொல்லு."

"என் கையப் பிடிச்சு வச்சப்ப உங்க கை நடுங்குச்சுண்ணே."

எனக்கு அது தெரியாது. சத்தியமாகத் தெரியாது. சத்தம் போட்டதும் கேலி செய்ததும்தான் எனக்கு நினைவிருந்தது. என் பயம் எனக்கே தெரியாமல் அந்த மணிக்கட்டு வழியாக அவளுக்குப் போயிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு அவள் இரண்டு மாதமாகப் பிளக்கை உருவிக்கொண்டிருந்திருக்கிறாள்.

பந்தல்குடியில் ஒரு வீடு, திருச்சுழியில் இரண்டு, வீரசோழனில் ஒன்று. அந்த நாலு வீட்டுப் பெட்டிக்கும் இதே துண்டு வயர்தான் முறுக்கியிருக்கிறேன். காற்று எல்லா ஊரிலும்தான் அடிக்கிறது. அந்த வீடுகளில் நான் யாருடைய கையையும் பிடித்து வைக்கவில்லை. நானே தொட்டுக் காட்டிவிட்டு, பயப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வெளிச்சம் மறைய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. வண்டியை வீரசோழன் ரோட்டில் விட்டேன்.